அந்த நம்பரை எழுதுறது யாரு? கிளாஸ்கோ மேடையிலிருந்து ஆறுமுகநேரி உப்பளம் வரை

2023 டிசம்பர் 13. துபாயில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாடு முடிந்த நாள். அந்த மாநாட்டின் முதல் நாளான நவம்பர் 30 அன்றே 'இழப்பு மற்றும் சேத நிதி'க்குப் பச்சைக்கொடி காட்டிவிட்டார்கள். காலநிலை மாற்றத்தால் அடிவாங்கும் ஏழை, வளரும் நாடுகளுக்குக் கைகொடுக்கிற நிதி அது. பல வருஷப் போராட்டத்துக்குப் பிறகு கிடைத்தது என்பதால் அரங்கத்தில் கைதட்டல் எல்லாம் பலமாக இருந்தது.

சரியா நாலு நாள் கழித்து, டிசம்பர் 17. தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. தூத்துக்குடி மாவட்டம் ஒரு முழு வருஷத்தில் பார்க்கிற சராசரி மழையைவிட அதிகம். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி நின்றதே, ஞாபகம் இருக்கா? அந்த ரயில் அன்றைக்கு ராத்திரி கடந்துபோன ஊர்களில் ஒன்று ஆறுமுகநேரி. காயல்பட்டினத்துக்குப் பக்கத்து ஊர். ஊரைத் தாண்டினால் உப்பளம்.

வெள்ளம் வந்தால் உப்பளத்துக்கு என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்லை. குவித்துவைத்த உப்பு கரைந்துபோகும். பாத்தி முழுக்க சேறு. அதைத் திரும்ப உப்பு விளையுற பதத்துக்குக் கொண்டுவர வாரக்கணக்கில் வேலை பார்க்கணும். அதுவரை அளத்துக்குப் போகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது.

எந்த ஒரு மழையையும் 'இது காலநிலை மாற்றம்தான்' என்று விரல் நீட்டிச் சொல்லிவிட முடியாது. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் அது சுமார் 7 சதவிகிதம் கூடுதலாக ஈரத்தைச் சுமக்கும் என்பது அடிப்படை இயற்பியல். பெய்கிற மழை ஒரேயடியாகக் கொட்டித் தீர்ப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். துபாயில் பேசியதும் இதைப் பற்றித்தான். அப்போ துபாயில் பேசினவங்களுக்கும் ஆறுமுகநேரிக்கும் என்ன சம்பந்தம்?

'பெண்கள், இளைஞர்கள் பங்கேற்பு' என்ற வார்த்தை இல்லாமல் இப்போதெல்லாம் எந்தக் காலநிலை மாநாடும் முடிவதில்லை. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் எதில் பங்கேற்பு என்று கேட்டால்தான் பதில் குழப்பமாகிறது.

திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கரை எடுத்துக்கொள்ளுங்கள். இஸ்திரி வண்டிக்கு கரிக்குப் பதில் சூரிய ஒளி என்ற அவருடைய யோசனை, இளவரசர் வில்லியம் தொடங்கிய எர்த்ஷாட் விருதின் இறுதிச்சுற்று வரை போனது. 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டு மேடையில், உலகத் தலைவர்கள் முன்னால், வெற்று வாக்குறுதிகளால் எங்கள் தலைமுறை கோபத்தில் இருக்கிறது என்ற அர்த்தத்தில் பேசினார். வீடியோ வைரல். தமிழ்நாடே பெருமைப்பட்டது. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான்.

இன்னொரு காட்சி, 2023 துபாய். மணிப்பூரைச் சேர்ந்த லிசிப்ரியா கங்குஜம், அப்போது 12 வயது. நிலக்கரி, பெட்ரோல் மாதிரியான எரிபொருட்களுக்கு முடிவு கட்டுங்கள் என்ற பதாகையோடு மேடைக்கு ஓடினார். கைதட்டினார்கள். பிறகு மெதுவாக மேடையிலிருந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அழைத்து வந்த பெண்ணுக்கும் கைதட்டல், அழைக்காமல் ஏறின பெண்ணுக்கும் கைதட்டல். ஆனால் அந்த மேடையில் எதுவும் முடிவாவதில்லை. முடிவாவது உள்ளே, கதவு மூடிய அறைகளில். அங்கே உட்கார வேண்டுமானால் ஒரு நாட்டின் குழுவில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். இளைஞர்களுக்கும் பெண்கள் அமைப்புகளுக்கும் 'பார்வையாளர்' அந்தஸ்து உண்டு. பேச ரெண்டு நிமிஷம் கிடைக்கலாம், ஓட்டு கிடையாது. விமான டிக்கெட், விசா, ஹோட்டல் எல்லாம் சொந்தச் செலவு அல்லது யாராவது ஸ்பான்சர். பேச்சுவார்த்தை நடக்கிற அறைகளில் பெரும்பாலும் ஆங்கிலம்தான். அளத்தில் வாருபலகை பிடிக்கிற ஒரு அக்கா அங்கே போய் உட்காருவதைக் கற்பனை செய்து பாருங்கள்.

நாடுகளின் குழுக்களில் பெண்கள் எத்தனை பேர் என்று பார்த்தால், துபாயில் 34 சதவிகிதம். பேசவந்த 133 தலைவர்களில் பெண்கள் 15 பேர். அடுத்த மாநாட்டுக்கு அஜர்பைஜான் முதலில் அறிவித்த ஏற்பாட்டுக் குழுவில் 28 பேர், 28 பேரும் ஆண்கள். உலகமே கிண்டலடித்த பிறகு அவசரமாகப் பெண்களைச் சேர்த்தார்கள். நம்ம ஊர் உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவிகித இட ஒதுக்கீடு இருக்கு. 'பஞ்சாயத்து ரேஞ்சுக்குக்கூட வரலை'னு இனிமேல் யாரும் மட்டமாகச் சொல்லாதீங்க.

எண்ணிக்கையை விட்டுவிடுவோம். பாகுவில் 2024-ல் நடந்த ஒரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வளரும் நாடுகளுக்கு 2035-க்குள் வருஷத்துக்கு 300 பில்லியன் டாலர் என்ற நம்பரை மாநாட்டுத் தலைவர் சுத்தியல் தட்டி முடித்துவிட்டார். கேட்டது 1.3 டிரில்லியன். முடிவெடுக்கும் முன்பே நாங்கள் பேசக் கேட்டோம், விடவில்லை என்று அதே அரங்கத்தில் எழுந்து சண்டை போட்டவர் இந்தியக் குழுவின் சாந்தினி ரெய்னா. நிதி அமைச்சக அதிகாரி. இந்த ஒப்பந்தம் வெறும் கண்கட்டு வித்தை என்ற தொனியில் அவர் பேசியது அன்றைக்கு உலகச் செய்தி. அவர் பேச்சால் நம்பர் மாறவில்லைதான். ஆனால் நம்பர் எழுதப்படுகிற நேரத்தில் அந்த அறையில் ஒரு பெண் இருந்தார், எதிர்ப்பு பதிவானது. வினிஷாவுக்குக் கிடைத்த மைக்குக்கும் சாந்தினி ரெய்னா பிடுங்கிய மைக்குக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இந்த 'நம்பர்' விஷயத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். நேரா உப்பளத்துக்குப் போவோம்.

வெயில் வேணும், வெயில் வேண்டாம்

உப்பளத்தில் வெயிலைத் திட்ட முடியாது. வெயில்தான் விளைச்சல். நல்லா காய்ந்தால்தான் பாத்தியில் உப்பு பூக்கும். நேரங்கெட்ட நேரத்தில் மழை பெய்தால் அத்தனையும் போச்சு. அதனால் கோடை முழுக்க உச்சகட்ட வேலை. உப்பை வாருவது, கூடையில் அள்ளித் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுவது எனப் பெண்கள் கை படாத வேலை இல்லை. சம்பளம் மட்டும் பல இடங்களில் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. வெயில் ஏறும் முன் முடிக்கணும் என்று விடியும் முன்பே பாத்தியில் இறங்குகிறவர்கள் உண்டு. மேலே சூரியன், கீழே வெள்ளையாக மின்னுகிற உப்பு. ரெண்டு பக்கமும் சூடு. காலில் புண், கண் எரிச்சல். இதில் இன்னொன்று, கழிப்பறை இல்லாத அளங்களில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். அந்த வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்த்தால் சிறுநீரகம் என்ன ஆகும்?

இதைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபால் குழு அளந்தே பார்த்திருக்கிறது. 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்கள். வேலைக்குப் பாதுகாப்பானது என்று சொல்லப்படுகிற வெப்ப வரம்பைத் தாண்டி உழைத்தவர்கள் சுமார் 90 சதவிகிதம். 7 சதவிகிதம் பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. இதே குழு கர்ப்பிணிகள் 800 பேரிடம் நடத்திய இன்னொரு ஆய்வில், கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று தெரிந்தது. காலநிலை மாற்றத்தில் 'பெண்' என்ற வார்த்தையை ஏன் தனியாகச் சொல்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு ஆய்வு போதும்.

சரி, அரசு என்ன செய்கிறது? நல்லதும் நடந்திருக்கு. மழைக்காலத்தில் வேலை இல்லாத உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது தமிழக அரசு. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். ஆனால் கவனிங்க, பணம் இறப்புக்குத்தான். மயங்கி விழுந்து ரெண்டு நாள் வேலைக்குப் போகாத அக்காவுக்கு அதில் ஒன்றும் இல்லை. சிறுநீரகம் மெதுவாகக் கெட்டுப்போவதும் அந்தக் கணக்கில் வராது.

இங்கேதான் அந்த நம்பர் வருது. 'வெப்ப அலை' என்றால் என்ன? இந்திய வானிலை ஆய்வு மையத்தின் வரையறைப்படி, கடலோர ஊர் என்றால் அதிகபட்ச வெப்பம் 37 டிகிரியாவது இருக்கணும், அதோடு வழக்கமான அளவைவிட 4.5 டிகிரி கூடுதலாகவும் இருக்கணும். வருஷா வருஷம் சுடுகிற ஊரில் 'வழக்கமே' சூடுதானே! அதைவிட 4.5 டிகிரி ஏறினால்தான் கணக்கு. அந்த வெப்பத்தை அளப்பதும் நிழலில், காற்றோட்டமான பெட்டிக்குள் வைத்த கருவியில். அளத்தில் நிழல் எங்கே இருக்கு? கடலோரத்தில் ஈரப்பதம் அதிகம் என்பதால் வியர்வை சீக்கிரம் காயாது, உடம்பு குளிராது. 36 டிகிரி என்று ஆப் காட்டும்போதே உடம்பு தாங்காத நிலைக்குப் போயிருக்கலாம். ஆக, பாத்தியில் நிற்கும் பெண்ணுக்குத் தலை சுற்றும், காகிதத்தில் அது வெப்ப அலையாக இருக்காது.

இந்த 37-ஐயும் 4.5-ஐயும் எழுதிய வானிலைக்காரர்கள் யாரையும் ஏமாற்ற எழுதவில்லை. நாடு முழுக்க வானிலையை ஒரே மாதிரி வகைப்படுத்த எழுதியது. ஆனால் அது நிவாரணத்துக்கும் அளவுகோலாகிவிட்டால் சிக்கல்தான்.

குஜராத் சொன்ன பதில்

இந்தியாவில் அதிகமாக உப்பு விளைவது குஜராத்தில். அடுத்தது தமிழ்நாடு, அதில் பெரும் பங்கு தூத்துக்குடி. ஆனால் காலநிலைப் பேச்சில் குஜராத்தின் உப்பளப் பெண்கள் எங்கேயோ போய்விட்டார்கள். காரணம், சேவா. இலா பட் 1972-ல் அகமதாபாத்தில் தொடங்கிய சுயதொழில் பெண்கள் சங்கம். 2023 பிப்ரவரியில் ஹிலாரி கிளின்டன் கட்ச் சின்ன ரண் பகுதியில் இருக்கும் குடா கிராமத்துக்குப் போய் உப்பளப் பெண்களைப் பார்த்தார். பெண்களுக்கான 5 கோடி டாலர் காலநிலை நிதியை அந்தப் பயணத்தில்தான் அறிவித்தார்.

விருந்தாளி வந்தார், போட்டோ எடுத்தார்கள், போனார் என்பதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அதே வருஷம் சேவா உறுப்பினர்கள் 21,000 பேருக்கு ஒரு வெப்பக் காப்பீடு வந்தது. ஆஸ்பத்திரி பில், சான்றிதழ் எதுவும் காட்ட வேண்டாம். குறிப்பிட்ட அளவைத் தாண்டி வெப்பம் பதிவானால் பணம் தானாக வங்கிக் கணக்குக்கு வரும். முதல் வருஷம் வெயில் கொளுத்தியது. பணம் வரவில்லை! ஏன்னா, அந்த அளவை ரொம்ப உயரத்தில் வைத்துவிட்டார்கள். நம்ம 37, 4.5 கதைதான்.

அந்தப் பெண்கள் தனித்தனியாக இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். சங்கமாக இருந்ததால் காப்பீட்டை மறுபடி வடிவமைத்தார்கள். 2024-ல் மூன்று மாநிலங்களில் 22 மாவட்டங்கள், 50,000 பெண்கள். 46,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு இழப்பீடு வந்தது. அதோடு எல்லோருக்கும் 400 ரூபாய் ரொக்கமும். 151 ரூபாயிலிருந்து 1,651 ரூபாய் வரைதான் இழப்பீடு, பெரிய தொகை இல்லை. காப்பீடு ஒன்றும் மந்திரக்கோல் கிடையாது, கழிப்பறையும் நிழலும் தரவேண்டிய பொறுப்பிலிருந்து யாரையும் விடுவிக்கவும் கூடாது. ஆனாலும் வெயிலில் வேலை செய்கிறவர்களின் அனுபவத்தால் ஒரு சர்வதேசக் காப்பீட்டுத் திட்டத்தின் நம்பர் மாறியது. 'பங்கேற்பு' என்றால் நான் இதைத்தான் புரிந்துகொள்கிறேன்.

இதே மாதிரி சுவிட்சர்லாந்திலும் ஒன்று நடந்தது. 2,000-க்கும் மேற்பட்ட வயதான பெண்கள், வெப்பம் எங்களைத்தான் அதிகம் தாக்குது, அரசு போதுமானதைச் செய்யலை என்று வழக்குப் போட்டார்கள். 2024 ஏப்ரல் 9-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஐரோப்பாவில் பாட்டிகள் செய்தது அது.

இளைஞர்கள் விஷயத்தில் எனக்குப் பிடித்த உதாரணம் வனுவாட்டு. பசிபிக் கடலில் ஒரு தீவு நாடு. 2019-ல் அங்கே சட்டம் படித்த 27 மாணவர்கள், காலநிலை மாற்றம் பற்றி உலக நீதிமன்றத்தையே கேட்டால் என்ன என்று யோசித்தார்கள். வகுப்பில் வந்த யோசனை. சாலமன் தீவைச் சேர்ந்த சிந்தியா ஹூனியுஹி, பிஜியைச் சேர்ந்த விஷால் பிரசாத் எல்லாம் அந்த இயக்கத்தின் முகங்கள். வனுவாட்டு அரசைப் பிடித்தார்கள், அது மற்ற நாடுகளைப் பிடித்தது, 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டது. 2025 ஜூலை 23-ல் சர்வதேச நீதிமன்றம் ஒருமனதாகக் கருத்துச் சொன்னது: காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டபூர்வக் கடமை, தவறினால் அதற்குப் பொறுப்பு உண்டு. ஆறு வருஷம் ஆனது. ரீல்ஸ் வேகத்தில் பார்த்தால் யுகம். ஆனால் அவர்கள் மேடையில் பேச இடம் கேட்கவில்லை, விதியையே எழுதவைத்தார்கள். நம்ம சுப்ரீம் கோர்ட்டும் 2024-ல் காலநிலை மாற்றத்தின் பாதிப்புகளிலிருந்து காக்கப்படுவது குடிமக்களின் உரிமை என்று சொல்லியிருக்கிறது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

பெலெம் வேண்டாம், கோரம்பள்ளம் போதும்

2025 நவம்பரில் பிரேசிலின் பெலெம் நகரத்தில் நடந்த மாநாட்டில் புதிய பாலினச் செயல் திட்டம் ஒன்றை ஏற்றுக்கொண்டார்கள். இழப்பு மற்றும் சேத நிதி முதல்முறையாக விண்ணப்பம் கேட்டதும் அங்கேதான், மொத்தம் 25 கோடி டாலர். உலகம் முழுமைக்கும் அவ்வளவுதான். அமெரிக்கா அந்த நிதியின் நிர்வாகக் குழுவிலிருந்தே 2025 மார்ச்சில் விலகிவிட்டது. விண்ணப்பிப்பது நாடுகள். ஆறுமுகநேரி பேரூராட்சி நேரா மனுப் போட முடியாது.

ஆனால் நமக்குப் பக்கத்திலேயே ஒரு கதவு இருக்கு. 2022 டிசம்பரில் தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம் தொடங்கியது. இதன்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனி காலநிலை இயக்கம், அதன் தலைமைப் பொறுப்பு கலெக்டருக்கு. மாநில அளவில் இதையெல்லாம் நடத்துகிற சுற்றுச்சூழல் துறைச் செயலாளர் சுப்ரியா சாஹு ஒரு பெண், 2025-ல் ஐ.நா.வின் 'சாம்பியன்ஸ் ஆஃப் த எர்த்' விருதே வாங்கியிருக்கிறார். மேலே ஆர்வம் இருக்கு என்று நம்பலாம். தூத்துக்குடி கலெக்டர் ஆபீஸ் கோரம்பள்ளத்தில். ஆறுமுகநேரியிலிருந்து பஸ் பிடித்தால் போய்விடலாம், விசா வேண்டாம்.

அங்கே எதை எடுத்துக்கொண்டு போவது என்பதுதான் கேள்வி. 'வெயில் ஜாஸ்தி'ன்னு மனு கொடுத்தால் ரசீது கிடைக்கும். நம்பர் கொடுத்தால் பதில் சொல்லியாகணும். ரெண்டு வெப்பமானி போதும். ஒன்று அப்படியே, இன்னொன்றின் முனையில் ஈரத்துணி சுற்றியது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் காற்றின் ஈரப்பதத்தைக் காட்டிவிடும். வியர்வை காயுமா காயாதா என்பது அதில் தெரியும். வெயிலின் நேரடிச் சூட்டையும் சேர்த்து அளக்கும் கருவியும் உண்டு, கொஞ்சம் விலை அதிகம், கல்லூரி ஆய்வகம் வாங்கலாம். காலை, நண்பகல், சாயங்காலம் பாத்திக்குப் பக்கத்தில் நின்று அளந்து, அன்றைக்கு எத்தனை பேர் பாதியில் வேலையை விட்டார்கள் என்பதையும் குறித்துவைத்தால் ஒரு சீசனில் கையில் ஆதாரம் இருக்கும். உப்பளத்துக்கு வெப்ப நிவாரண வரம்பு 37-ஆ, வேறா என்று பேச அது உதவும். நிழற்கொட்டகை எத்தனை மணியிலிருந்து தேவை, ஓய்வு எப்போ என்பதற்கும் அதுவே கணக்கு.

அளப்பது இளைஞர்கள், எதை அளக்கணும் என்று சொல்வது அளத்துப் பெண்கள். இதில் ரெண்டாவதை விட்டுவிட்டால் இதுவும் இன்னொரு காலேஜ் ப்ராஜெக்ட்தான். எந்த நேரத்தில் கண் இருட்டும், எந்தப் பாத்தியில் காற்றே வராது என்பது அவங்களுக்குத்தான் தெரியும். பெயரைச் சொல்லிப் பேசினால் நாளைக்கு வேலை இருக்குமா என்ற பயமும் அவங்களுக்குத்தான். அதனால் சங்கத்தையும் கூடவே வைத்துக்கொள்வது நல்லது.

ஆள் பஞ்சமும் இல்லை. ஆறுமுகநேரிக்கு ஒரு பக்கம் காயல்பட்டினத்தில் வாவு வஜீஹா வனிதையர் கல்லூரி, இன்னும் கொஞ்சம் தள்ளி திருச்செந்தூரில் கோவிந்தம்மாள் ஆதித்தனார் மகளிர் கல்லூரி. ரெண்டுமே பெண்கள் கல்லூரி. ஒரே இடைஞ்சல், அளவெடுக்க வேண்டிய வெயில் ஏப்ரல் மாசம். செமஸ்டர் எக்ஸாமும் அப்போதான்.